அக்கரைக்காரன் பங்கு

சாத்தப்பச் செட்டியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடத்துக் கூடத்தில் உட்காருவதும் எழுவதும் நடப்பதுமாக இருந்தார். எதிரே மெய்யம்மை அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மாளுக்குச் செட்டியார் வயதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் செட்டியார் குருவென்று கும்பிட்டது அவரைத்தான்.

"வாயைத் திறந்து சொல்லுங்கள் செட்டியாரே. தரை தேய்கிறது."

"சாயங்காலம் கப்பல் கம்பெனிக் கூட்டம் அம்மா. தலைவர் நான்."

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பங்குதாரர் ஒவ்வொருவர் முன்னாலும் தலைவர் ஒரு தாம்பூலத் தட்டு வைப்பார். தீர்மானத்துக்குச் சம்மதம் என்றால் வெற்றிலையை எடுக்க வேண்டும். வராதவருக்கும் தட்டு உண்டு. ஒரு தட்டில் வெற்றிலை எடுபடாமல் கிடந்தாலும் பங்கில் கைவைக்கும் பேச்சு அன்றைக்கு நடக்காது.

"தொமாசு அக்கரைத் தீவுக்காரன். நம் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு அவனுடையது. இரண்டு நாட்டுக்கும் சண்டை மூண்டதும் எதிரி ஆகிவிட்டான். அவனோடு வியாபாரம் கூடாது, லாபம் அனுப்பக்கூடாது, அவனுக்கு ஓட்டும் கிடையாது என்று அரசாங்க உத்தரவு."

"பங்கைப் பிடுங்கிக்கொள்ளவும் உத்தரவா?"

"இல்லை. சண்டை முடியும்வரை அப்படியே வைத்திருக்கச் சொல்கிறது." செட்டியார் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "மற்றவர்கள் விட்டால்தானே! புதுப் பங்கு போட்டு நாமே வாங்கிக்கொண்டால் அவன் பங்கு தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடுமாம். அவனுக்குத் தட்டு மட்டும் வைக்காதே, எதிரிக்கு என்ன தாம்பூலம் என்கிறார்கள். வைத்தால் நான் தேசத்துரோகியாம்!"

"உங்கள் மனசு என்ன சொல்கிறது?"

"யாருமே நம்பாத காலத்தில் முதல் கப்பலுக்குப் பணம் போட்டவன் அம்மா அவன். நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் ஊரைப் பகைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது? நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனசு அடங்கிவிடும்."

அம்மாள் எழுந்துபோய்க் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தார்.

"அக்கரையில் உங்களுக்கு ஒன்றும் கிடையாதா?"

செட்டியார் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அங்கே குடோன் கம்பெனி ஒன்றில் பங்கு இருக்கிறது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கும் என் பெண்ணுக்கு அதுதான் சோறு."

"அங்கேயும் இதே உத்தரவு போட்டிருப்பார்களே."

"போட்டிருப்பார்கள். அதை என்ன செய்தார்களோ, ஏது செய்தார்களோ. பொட்டுத் தூக்கம் இல்லை அம்மா."

அம்மாள் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

"அந்தக் கம்பெனித் தலைவரும் இந்நேரம் தம் குரு முன்னால் போய் நின்று, சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் குரு என்ன சொல்லட்டும் செட்டியாரே?"