இடது கை நாடி

உப்பளத்துப் பக்கம் சூசைமாணிக்கம் என்று ஒரு வைத்தியர். அன்றைக்கு அவருக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கியது. அவரிடம் தொழில் பழகும் வடிவுக்கும் காலையிலிருந்து புண் கழுவிக் கழுவிக் கை ஊறிப் போயிருந்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

“ஐயா, இன்னொரு தரம் கேளுங்க.”

வைத்தியர் கொட்டாவி விட்டபடி, நேர்காணல் நடத்துகிறவர் மாதிரிக் கேட்டார். “டாக்டருக்குப் படிக்கதுக்கு முன்னால உள்ள படிப்புக்கு எத்தனையோ இடம் கெடக்கு. எங்க பல்கலைக்கழகத்துக்கே ஏம்மா வரணும்?”

நேர்காணலில் இந்த ஒரு கேள்வியில்தான் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். நாளைக்கும் அனுப்பிவிட்டால் அவ்வளவுதான். அப்பா மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி வைத்துவிட்டார்.

“உங்க பல்கலைக்கழகத்துக்குப் பேர் பெருசு.”

“ம்.”

“அங்க படிச்சவங்கல்லாம் பெரிய டாக்டரா இருக்காங்க. நானும் அப்படி ஆகணும்.”

“ம்.”

“சின்னதுலேருந்தே எனக்கு அது ஒரு கனவு.”

“நல்லாத்தான் ஒப்பிக்கே. பொறவு?”

வடிவு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து, உப்பு வாருகிற தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து பெஞ்சில் சரிந்தாள்.

“நீயே பாரு,” என்றார் வைத்தியர்.

பெண்பிள்ளைக்கு இடது கையில்தான் நாடி பார்ப்பது. வடிவு வாங்கிப் பிடித்தாள். வாய்க்குள் இன்னும் பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

“படபடன்னு அடிக்குய்யா.”

வைத்தியர் எட்டி அதே கையில் மூன்று விரலை வைத்தார். “எனக்கு எறும்பு ஊருத மாதிரில்லா இருக்கு. கட்டைவிரலை வச்சு அமுக்கினா உன் நாடிதாம்ட்டி உனக்குத் தெரியும்.”

தங்கபுஷ்பம் மூச்சு வாங்கச் சிரித்தாள். “அப்போ மருந்து அவளுக்கா, எனக்கா வைத்தியரே?”

வடிவுக்குக் காது சுட்டது. விரலை மாற்றினாள். நூல் மாதிரி ஒன்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. வெகுநேரம் கையை விடவில்லை.

“எப்பலேருந்துக்கா இப்படி?”

“மழை விட்டதுலேருந்து தாயி. வாளியைத் தூக்கினா மூச்சு அந்து போகுது.”

வைத்தியர் கொடுத்த சூரணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, வந்த மாதிரியே சுவரைப் பிடித்துப் போனாள்.

வடிவு அவள் போன திக்கையே பார்த்திருந்தாள்.

“ஐயா, நான் அங்க போறதுக்கு லாயக்கே இல்லையோ?”

வைத்தியர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“நீ அங்க போகத்தான் வேணும். மறுபடி மறுபடி அதே சூரணத்தைத்தான் குடுத்து அனுப்புதேன். அவளுக்கு என்னன்னு எனக்குத் தெரியல.”