உறியில் தொங்கிய ரசம்

வாழைக்கொல்லை மிராசுதார் வைத்திலிங்கம் காரை ஓட்டி வருகிறார் என்றால் வாத்துகள்கூட வரப்பில் ஏறி நின்றுகொள்ளும். ஒருநாள் அந்தக் கார் வைக்கோல்போருக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியே வந்தது. தலையெல்லாம் வைக்கோலோடு அவர் நேரே மெக்கானிக் அஞ்சலையின் பட்டறைக்கு வந்தார்.

"நீ போட்ட பிரேக் சரியில்ல. நாளைக்குள்ள கார் பத்திரமா ஓட ஒரு கருவி மாட்டு. இல்லேன்னா உன் பட்டறைக்குப் பூட்டுதான்."

அஞ்சலை பார்த்தாள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. அதை மிராசுதாரிடம் யார் சொல்வது?

மறுநாள் அவர் புதுப் பட்டுச் சட்டையில், மனைவியோடு தேர் பார்க்கக் கிளம்பினார். காருக்குள், ஓட்டுபவர் தலைக்கு நேர் மேலே ஓர் உறி தொங்கியது. உறியில் ஒரு சட்டி, சட்டியில் விளிம்பு வரை ரசம்.

"என்ன இது?"

"புதுக் கருவிங்க ஐயா. கலெக்டர் கார்லகூட கிடையாது."

மிராசுதார் பெருமையோடு ஏறினார். அஞ்சலையும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கார் மாப்பிள்ளை ஊர்வலம்போல நகர்ந்தது. ஒரு வாத்துக் கூட்டம் சாலையைக் கடக்கும்வரை நின்றது. கடைசி வாத்து நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

தேரடியில் இறங்கியதும் மிராசுதார் ஊரார் முன் மார்தட்டினார். "பாத்தீங்களா? புது பிரேக் போட்டதும் கார் பசு மாதிரி வருது. கோளாறெல்லாம் பழைய பிரேக்லதான்."

"பிரேக் பழசுதாங்க ஐயா," என்றாள் அஞ்சலை. "ரசம்தான் புதுசு."

ஊரே சிரித்தது. பட்டறைக்குப் போட மிராசுதார் வாங்கி வைத்திருந்த பூட்டை அவர் மனைவி எடுத்து வைத்துக்கொண்டாள். உறிச் சட்டியில் தினமும் ரசம் ஊற்றுவதும் அவள்தான்.