காஜியார் பெட்டியில் பதினேழு பாட்டு

கடற்கரைப் பட்டினம் ஒன்றில் முன்பு ஷம்ஊன் லெப்பை என்று ஓர் ஆலிம் இருந்தார். சட்ட நூல்களைக் கரைத்துக் குடித்தவர். பாட்டும் எழுதுவார்.

"தேடப்பட்டவன் வீட்டில்தான் இருந்தான், தேடிய நான்தான் ஊரில் இல்லை" என்று அவர் பாட, இது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஊர் நீதிபதியான காஜியாருக்குக் கோபம் வந்தது. லெப்பையின் பதினேழு பாட்டையும் ஒன்றுவிடாமல் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் மறுப்பு எழுதி, இவற்றை இனி எவரும் வாயால் சொல்லக்கூடாது என்று தீர்ப்பை முடித்துத் தேக்குப் பெட்டியில் பூட்டினார். தீர்ப்பும் பாட்டும் ஒரே தாளில் குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று.

"தள்ளிப் படு. உன்னோடு கிடப்பதே எனக்குக் கேவலம்," என்றது தீர்ப்பு.

"நீதான் என்னை வரிக்கு வரி கட்டிப்பிடித்திருக்கிறாய்," என்றது பாட்டு. "வெளியே என்மேல் உயிரையே வைத்திருக்கும் சீடர்கள் உண்டு. நான் சாக மாட்டேன்."

சீடர்களின் அன்புக்கு அளவில்லைதான். பாடத் தடை என்பதால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாங்கள் எழுதி வைத்திருந்த பாட்டுத் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, மை கரைந்த நீரைக் கொடுத்தார்கள். ஐம்பது வருஷத்தில் ஊரில் ஒரு தாளும் மிச்சமில்லை. பாடிய வாய்களும் மண்ணுக்குள் போய்விட்டன.

தீர்ப்பை மட்டும் ஒரு பூச்சியும் தொடவில்லை. காஜி வீட்டார் வருஷம் தவறாமல் வேப்பிலை மாற்றினார்கள். பொழுதுபோகாத தீர்ப்பு முதலில் குற்றம் கண்டுபிடிக்கப் பாட்டைப் படித்தது. பிறகு சும்மா படித்தது.

"அந்த ஒன்பதாவதை இன்னொரு தரம் சொல்லு," என்று கேட்கும். "தப்பு எங்கே என்று மறந்துவிட்டது."

ஒருநாள் சீடர்களின் பேரன்மார் வந்தார்கள். பெட்டி திறந்தது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்கள்.

"பார்த்தாயா, பாட வந்துவிட்டார்கள்," என்றது பாட்டு. அதற்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்களில் மூத்தவரான பக்கீர் மைதீன் கத்தரிக்கோலை எடுத்தார். "ஆளுக்கு ஒரு பாட்டா வெட்டிக்குவோம். வெள்ளித் தாயத்துல அடைச்சுப் புள்ளைங்க கையில கட்டணும்."

"ஒருதரம் படிச்சுப் பாத்துட்டு வெட்டலாமே மாமா," என்றார் காஜி வீட்டுக்காரர்.

"அதுக்குத்தான் உங்க ஊட்டுத் தடை இருக்கே."

"அந்தத் தடையை நான் தூக்கிவிட்டேன்," என்று தீர்ப்பு கதறியது. தாளின் பேச்சு யார் காதில் விழும்?

பதினேழு தாயத்துகளும் இறுக மூடப்பட்டன. ஓட்டை ஓட்டையாகத் தீர்ப்பு மட்டும் பெட்டிக்குத் திரும்பியது. அதற்குத் துக்கம் பொறுக்க முடியவில்லை. மெல்ல முதல் பாட்டைப் பாடத் தொடங்கியது.

பட்டினத்தில் இப்போது பதினேழும் தெரிந்தது அதற்கு மட்டும்தான்.