துறைமுகத்திலிருந்து வந்த அரிசி

வயல் வரப்பில் ஒரு வளைக்குள் தவிட்டி என்ற எலி தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்தாள். அவள் புருஷன் கொறியன், நெல் லாரியில் ஏறித் துறைமுகத்துக் கிடங்குக்குப் பிழைக்கப் போயிருந்தான். வாரம் ஒருமுறை மாடப்புறாவின் காலில் அரிசிப் பொட்டலம் கட்டி அனுப்புவான். வீட்டுக்கு மூத்தவன் என்பதால் அவன் அண்ணன் பருத்தன்தான் அதை வாங்கிக்கொள்வான்.

முதல் மாதம் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். கடைக்குட்டியின் முடி பளபளத்தது. பிறகு பருத்தனுக்கு வளை சின்னதாகத் தெரிய ஆரம்பித்தது.

"துறைமுகத்தில் ஆள் இருக்கிற வீடு இது. பார்த்தால் தெரிய வேண்டாமா?" என்றான்.

பெருச்சாளிகளை வைத்து ஆறு அறை தோண்டினான். பொட்டலத்தில் பாதி கூலியாகப் போயிற்று. வளையைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் மீதியிலும் கை வைத்தார்கள்.

அறுவடை வந்தது. தவிட்டி வழக்கம்போல உதிர்ந்த கதிர் பொறுக்கக் கிளம்பினாள். பருத்தன் வழியை மறித்தான்.

"வெளியூர்ச் சம்பாத்தியம் வருகிற வீட்டுப் பெண் கதிர் பொறுக்கினால் ஊர் என்ன பேசும்?"

"பிள்ளைகளுக்குப் பத்தவில்லை, மாமா."

"அடுத்த வாரம் புறா வரும். பொறுத்துக்கொள்."

அவள் உள்ளே திரும்பினாள். வயலில் கிடந்ததை மைனாக்கள் தின்று தீர்த்தன.

அடுத்த வாரம் புறா வரவில்லை. குட்டிகள் உமியைக் கொறித்தன. அதற்கடுத்த வாரம் புறா வெறுங்காலோடு வந்தது.

"கொறியன் பொறியில் மாட்டிச் செத்துப்போனான், அம்மா. தன் பங்கில் பாதிக்கு மேல் உங்களுக்கு அனுப்பிவிடுவான். பசி தாங்காமல் பட்டப்பகலில் ஒரு கருவாட்டுத் துண்டில் வாய் வைத்துவிட்டான்."

"பட்டினி கிடந்தா அனுப்பினார்?" என்றாள் தவிட்டி.

"பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். ஆறு அறை தோண்டியதைச் சொன்னேன். அப்படியென்றால் வயிறு நிறைந்துதான் இருக்கும் என்று சந்தோஷப்பட்டான்."

தவிட்டி வயலுக்கு ஓடினாள். அங்கே தாளும் மண்ணும்தான் இருந்தன. மாலைவரை கிளறி, ஏழு நெல்மணிகளோடு வந்து சேர்ந்தாள். அதற்குள் கடைக்குட்டி கண்ணை மூடிவிட்டது.

அவள் மிச்சமிருந்த இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு, பயிர் நிற்கிற வேறு வயல் தேடி நடந்தாள்.

தொலைவில் ஒருவர் தன் வயிற்றை ஒடுக்கி அனுப்புவது பிள்ளைகளின் வாய்க்குப் போகாமல் வீட்டுப் பெருமைக்குப் போனால், அனுப்பியவரும் பிழைப்பதில்லை, வீடும் பிழைப்பதில்லை.