நான்காவது சவ்வு

அஞ்சுகம் பீக்கருக்குள் பிரஷ்ஷை விட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை அவளுக்கு.

அருளப்பன் உள்ளே வந்தார். நேரே, புத்தகம் படித்துக்கொண்டிருந்த டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"மூணாவதும் போச்சு டீச்சர்."

தையல்நாயகி டீச்சர் அவரைவிட ஏழு வயசு சின்னவர். காலேஜ் வேலையை உதறிவிட்டு, அவரிடம் மாணவனாக வந்து சேர்ந்தவர் அருளப்பன். நாலு வருஷம் ஆயிற்று. திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். அதற்குள் அருளப்பனின் எரிபொருள் கலம் ஓடாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். கலத்துக்குள் வைக்கிற சவ்வு இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி.

அந்தச் சவ்வென்றால் அஞ்சுகத்துக்கு அடங்காத ஆச்சரியம். பார்க்க வெங்காயச் சருகு. ஹைட்ரஜனிலிருந்து கரண்ட் எடுக்கும்போது, புரோட்டானை மட்டும் அந்தப் பக்கம் விடுமாம். பழைய சவ்வுகளுக்கு ஈரம் வேண்டும். தண்ணீர் கொதிக்கிற சூடு வந்தால் காய்ந்துபோய் வேலையை நிறுத்திவிடும். இது அப்படியில்லை. நூற்று அறுபது டிகிரியில், சொட்டு ஈரமில்லாமல் நிற்கும். அதற்குள் ஊறியிருக்கிற அமிலம் புரோட்டானைக் கைக்குக் கை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அடுப்படிச் சூட்டுக்கே நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், இத்தனூண்டு சருகுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொள்வாள்.

என்னென்ன செய்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். அருளப்பன் அளவு, சூடு, நேரம் எல்லாம் ஒப்பித்தார்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கலத்தில் வைக்கும் முன்னால் சவ்வைத் தட்டில் போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார். பத்து வருஷம் பழைய சவ்வோடு பழகிய கை. அதை ஒரு வேலையாகவே அவர் நினைத்ததில்லை. அதனால் சொல்லவும் தோன்றவில்லை.

சார் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார் என்று அஞ்சுகம் மனசுக்குள் சிரித்துக்கொள்வாள்.

"தண்ணியே இல்லாம ஒண்ணு எப்படி டீச்சர் உயிரோட இருக்கும்? எனக்கு நம்பிக்கையே விட்டுப்போச்சு."

டீச்சர் தொட்டிப் பக்கம் பார்த்தார்.

அஞ்சுகம் அருளப்பனின் தட்டைக் கழுவ எடுத்திருந்தாள். காய் நறுக்கும்போது வெட்டுப்பட்ட விரலை மட்டும் மடக்கிவைத்து, மற்ற விரல்களால் பிடித்திருந்தாள். பீக்கரை அப்படிப் பிடிக்கவில்லை.

டீச்சர் எழுந்து போய்த் தட்டை வாங்கினார். தண்ணீரோடு அருளப்பனிடம் நீட்டினார்.

"இன்னைக்கு இதை நீங்க கழுவுங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. நாலு வருஷத்துக்கு இதுதானா பதில். வாங்கிக்கொண்டு போய்த் தட்டுத் தண்ணீரில் கையை விட்டார்.

கலத்தின் போல்ட்டை முடுக்கும்போது அவர் விரல் முட்டி உரசித் தோல் போயிருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்ததுபோல எரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்தார்.

தட்டில் அவர் ஊற்றியது வெறும் தண்ணீர்தான். எரிகிற அமிலம் சவ்விலிருந்துதான் அதில் இறங்கியிருக்கவேண்டும்.

எரிகிற முட்டியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். செத்துக் கிடந்த மூன்றாவது சவ்வைப் பார்த்தார். பக்கத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

டீச்சர் தன் இடத்துக்குப் போய் விட்ட பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தார்.

நான்காவது சவ்வை அருளப்பன் உலர்ந்தபடியே கலத்தில் வைத்தார். சூடு ஏறியது. நூறு தாண்டும்போது அவர் கை தானாகத் தண்ணீர்ப் புட்டியைத் தேடிப் போனது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நூற்று இருபது. நூற்று நாற்பது. நூற்று அறுபது.

மீட்டரில் முள் எழுந்தது. விழவில்லை. சாயங்காலம்வரை விழவில்லை. அஞ்சுகம் கழுவின பீக்கரைக் கவிழ்த்து வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அருளப்பன் டீச்சரிடம் போகவில்லை. தொட்டியடிக்கு வந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா அஞ்சுகம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் குழந்தைகள் காப்பக ஆயா எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சுகம், உம் புள்ள பாலுக்கு அழுவுறான். வா சீக்கிரம்."

கையைச் சேலையில் துடைத்தபடி அவள் நடந்தாள். வாசலில் பாதி திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொதத் தட்டுலயே தெரியும் சார். நீங்க ஒரு தடவைகூட என்னையக் கேக்கலியே."