ஜன்னல் வெயில் போதுமா

மலையடிவாரத்து மடத்தில் உலகம்மை குரு, மயிலேறும்பெருமாள் சீடர். வயதில் சீடர்தான் இருபது வருடம் மூத்தவர். அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணாச்சி என்பார்.

போன வருடம் மனைவி வடிவு இறந்ததும், மளிகைக் கடையை மருமகன் தலையில் கட்டிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார் அண்ணாச்சி. வந்தவர் தியானம் செய்தாரோ இல்லையோ, தன் அறை ஜன்னலோரம் தொட்டியில் ஒரு கஞ்சாச் செடி வளர்த்தார். அதன் பூவைப் புகைத்தால் செத்தவர்களைப் பார்க்கலாம் என்று ஒரு பரதேசி சொல்லிவிட்டுப் போயிருந்தான். கால் கிலோ கடுகைக்கூட இரண்டு தடவை நிறுத்துப் போடுகிற மனிதர், அந்தப் பேச்சை மட்டும் நிறுக்காமல் வாங்கிக்கொண்டார். வடிவை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

செடி ஆளுயரம் வந்தது. ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. தொட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தார், மோர் ஊற்றிப் பார்த்தார், கடைப் பையனை அதட்டுவதுபோல் அதட்டியும் பார்த்தார். கடைசியில் வெட்கத்தை விட்டுக் குருவிடமே கேட்டார்.

“அம்மா, என் அறை ஜன்னல்ல வர்ற வெயில் ஒரு கஞ்சாச் செடிக்குப் போதுமா?”

ஏன், எதற்கு என்று உலகம்மை கேட்கவில்லை. உச்சிவேளையில் அண்ணாச்சியின் அறைக்கு வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தார்.

“துண்டுக்கு மேல ஒரு முழ உயரத்துல கையை நீட்டுங்க. நிழல்ல விரல் தனித்தனியாத் தெரிஞ்சா வெயில் போதும். கலங்கித் தெரிஞ்சா போதாது.”

அண்ணாச்சி கையை நீட்டினார். நிழல் கறுப்பாக, திட்டவட்டமாக விழுந்தது. ஐந்து விரலும் தெரிந்தன. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம்தான் கவனித்தார். நிழலின் மணிக்கட்டில் வளையல்கள் இருந்தன.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். நிழல் துண்டின்மேல் அப்படியே கிடந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து, ஒரு உதறு உதறி வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளியது. சோறு பிசையும் முன்னால் வடிவு அப்படித்தான் உதறுவாள்.

அண்ணாச்சி ஒரு எட்டு பின்னால் போனார், மறுபடி முன்னால் வந்தார். பயமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை.

“அம்மா, பாத்தியளா?”

“பாத்தேன். வெயில் தாராளமா இருக்கு.”

“அவ இங்கதான் இருக்காளா?”

“வேற எங்க போவா?”

உலகம்மை தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஒரு பெரிய விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

“இது என்ன விளக்கு?”

“வடிவு போன அன்னைக்கு அவ தலைமாட்டுல ஏத்துனது. பதினாறு கழிஞ்சதும் அணைக்கச் சொன்னாவ. எனக்கு மனசு வரல. கையோட இங்க கொண்டுவந்துட்டேன். ராவும் பகலும் எரியுது. ஒருநாள்கூட அணைய விட்டதில்ல.”

“ராத்திரி இருட்டுனாத்தான் இந்தச் செடி பூக்கும் அண்ணாச்சி. இங்க வெயில் இருக்கு. ராத்திரிதான் இல்ல.”

அண்ணாச்சி விளக்கின் திரியை நோக்கிக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அப்போ அணைச்சிட்டா?”

“செடி பூக்கும்.”

“வடிவு?”

துண்டை மடிக்கக் குனிந்த உலகம்மை, நிழல் கிடந்த பக்கத்தைத் தொடாமல் நிமிர்ந்துகொண்டார்.

“அவளுந்தான் இந்த வெளிச்சத்துல ஒரு வருஷமாத் தூங்காமக் கெடக்கா அண்ணாச்சி.”