இஸ்திரிப் பெட்டியின் மூக்கு

கோவில்பட்டியில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி. புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான், பாவி. இரண்டு பிள்ளைகளை அரைவயிறும் கால்வயிறுமாக வளர்த்தவள் மலைபோல நம்பியிருந்தது ஒரு பழைய தையல் மிஷினை. அது ஈரோட்டில் அண்ணன் அய்யனாரிடம் இருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்து சேர்ந்தால் யூனிபார்ம் தைத்துப் பிழைத்துக்கொள்வாள். இல்லாவிட்டால் பட்டினிதான்.

அய்யனார் பொறுப்பான ஆள். ஸ்டாண்டை விட்டுவிட்டு மிஷினின் தலையை மட்டும் கழற்றினான். சக்கரத்துக்குப் பழைய போர்வை சுற்றி, பலகைப் பெட்டிக்குள் வைத்து, அசையாதபடி சுற்றிலும் வைக்கோல் திணித்தான். ஆணி அடிக்கப் போகிற நேரம் பார்த்துத் தங்கச்சியிடமிருந்து போன்.

"அண்ணே, அந்தக் கரி இஸ்திரிப் பெட்டியையும் அதுக்குள்ளயே வச்சிரு. தனியா போட்டா அதுக்கு வேற காசு அழணும்."

"இரும்போட இரும்பு, இடிச்சிரப் போவுது தாயி."

"சணல் போட்டு இறுக்கிக் கட்டுண்ணே. ஒண்ணும் ஆவாது."

கொஞ்சம் வைக்கோலை எடுத்துவிட்டு அதையும் வைத்துக் கட்டினான். பார்சல் லாரி போடும் ஆட்டத்துக்குச் சணல் எம்மாத்திரம்?

கோவில்பட்டி பார்சல் ஆபீஸில் சுமை தூக்குகிறவர் கொம்பையா. தலை நரைத்த மனுஷர். பெட்டியைத் தோளில் ஏற்றி, ஆட்டோவில் பூப்போல இறக்கி வைத்தார்.

"தாயி, உள்ள என்னமோ லொடக்கு லொடக்குன்னு இடிக்கே?"

"அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

வீட்டில் பெட்டியைத் திறந்தாள். மிஷினின் கழுத்து விரிசல் விட்டிருந்தது. பெட்டியின் வெளிப்பலகையிலோ ஒரு கீறல் இல்லை. சணல் அறுந்து கிடந்த இஸ்திரிப் பெட்டியின் மூக்கில் மிஷினின் கறுப்புப் பெயிண்ட் அப்பியிருந்தது. அவளுக்கு விளங்காமலா இருக்கும்? இஸ்திரிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். உடைந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு பார்சல் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்து, "தூக்கிப் போட்டு ஒடச்சிட்டீகளே, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே!" என்று ஓலமிட்டாள்.

கூட்டம் கூடிவிட்டது. பயந்துபோன மேனேஜர், யாரும் கேட்டு வராமல் குடோனில் கிடந்த மிஷின் ஒன்றைக் கொடுத்து அவளை அனுப்பினார். யார் தலையிலாவது பழியைக் கட்ட வேண்டுமே! கொம்பையாவை வேலையை விட்டு நிறுத்தினார். கொம்பையாவோ தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பள்ளிக்கூடம் திறந்தது. துணி வந்து குவிந்தது. பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். ஒருநாள் அவள் தைத்த சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கையில் கொம்பையா வாசலில் வந்து நின்றார்.

"தாயி, நான் எங்கயோ இடிச்சிருக்கேன் போல. யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஞாபகம் வரமாட்டேங்கு. என்னைய மன்னிச்சிரு."

அவள் கை அப்படியே நின்றது. "இப்ப எங்க வேல பாக்கீக அண்ணாச்சி?"

"பக்கத்துக் குடோன்ல கூப்பிடுதாக. போகல. இந்தக் கைய நம்பி அடுத்தவுக பொருள எப்பிடித் தொட?"

சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிடித்திருந்த இஸ்திரிப் பெட்டியின் மூக்கில் அந்தக் கறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

"பரவால்ல அண்ணாச்சி. நான் எதையும் மனசுல வச்சுக்கிடல" என்றாள்.

கொம்பையா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது சொல்லுங்கள். மிஷினோடு இஸ்திரிப் பெட்டியை வைக்கச் சொன்னாள். பிறகு அதை ஒளித்துவிட்டுப் பழி போட்டாள். கடைசியில் கொம்பையாவை மன்னித்தாள். பேச்சியம்மாள் செய்த இந்த மூன்றில் எது பெரிய பாவம்?

விடை: பழி போட்டதுதான் என்று அவசரப்படாதீர்கள். முதலில் செய்தது காசு இல்லாத கொடுமையால். இரண்டாவது பாவம்தான், சந்தேகமில்லை. ஆனால் அப்போது அவள் பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள், பறிபோன வேலைக்குப் பதிலாக வேறு வேலையும் கொம்பையாவைத் தேடி வந்தது. மன்னித்த அன்றோ அவள் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் மேனேஜரும் இல்லை. ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அந்த மனுஷர் மறுநாளே பக்கத்துக் குடோனில் மூட்டை தூக்கியிருப்பார். அதற்கப்புறம் அவர் எந்தச் சுமையையும் தொடவில்லை. பேச்சியம்மாளைப் போல நல்ல மனசுக்காரி உண்டா என்று மட்டும் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.